அம்மா வீழ்த்திய விமானம்

எங்கள் சொந்தக்காரர்கள் எங்கே கூடினாலும், பந்தி முடிந்து கை கழுவி உட்கார்ந்ததும், அம்மா விமானத்தை வீழ்த்திய கதையை யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் அப்பாதான். வருஷத்துக்கு வருஷம் அந்த விமானம் கொஞ்சம் பெரிதாகும், அம்மாவின் பக்தியும் கூடவே பெரிதாகும். அம்மா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டிருப்பாள். மாமா மட்டும் அந்த நேரம் பார்த்து வெளியே காற்று வாங்கப் போய்விடுவார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவள்தான். கூடவே இருந்து பார்த்தவள் என்ற கர்வம் வேறு எனக்கு.

விமானம் என்றால் ஆள் ஏறுகிற விமானம் இல்லை. சாப்பாட்டு மேசையின் அகலத்துக்குச் சிறகு விரித்த பொம்மை விமானம். பொம்மை என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். அவர் அதை "மாடல்" என்பார். மோட்டார் வைத்தது, பேட்டரியில் ஓடுவது, தரையில் நின்றபடி ரேடியோப் பெட்டியின் குச்சியைத் தள்ளித் திருப்பினால் வானத்தில் அதுவும் திரும்பக்கூடியது.

மாமா அம்மாவின் தம்பி. அவர் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோதே அவர்களுடைய தாயார் இறந்துவிட்டார். கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது. டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு மணப்பெண் வந்தபோது, அவள் பின்னாலேயே புத்தகப் பையும் கான்வாஸ் சப்பாத்துமாக மாமாவும் வந்து சேர்ந்தார். "ஊர்ல எல்லாருக்கும் சீதனமா நகை வந்துச்சு, எனக்கு மச்சான் வந்தான்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அம்மாவுக்கு அவர்தான் முதல் பிள்ளை, நான் இரண்டாவது. இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன் தலை யார் தட்டில் விழுகிறது என்று பார்த்தாலே போதும்.

வளர்ந்ததும் மாமாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் வேலை கிடைத்தது. டேப் ரெக்கார்டருக்குள் சுற்றுகிற சின்ன மோட்டார்கள் செய்யும் தொழிற்சாலை. காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிப் போவார், சாயங்காலம் ஏதாவது ஒரு ரிஜெக்ட் மோட்டாரைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். அந்த மோட்டார்களில் ஆரம்பித்ததுதான் இந்தப் பைத்தியம்.

எனக்கு எதையும் துருவிக் கேட்கும் புத்தி. ஜெட் விமானம் செய்யாமல், துணி போர்த்திய கிழட்டு விமானங்களையே ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். இந்த மோட்டாருக்குச் சக்தி கம்மி, மெதுவாகப் பறக்கிற விமானத்தைத்தான் அதால் தூக்க முடியும், அந்தக் காலத்து விமானங்கள் எல்லாமே மெதுவானவை என்றார். மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஏன் இரண்டு அடுக்குச் சிறகு? அந்தக் காலத்து எஞ்சினுக்கும் சக்தி கம்மி, அதனால் சிறகைக் கூட்டினார்கள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒண்ணு மறந்தாலும் இன்னொண்ணு பறக்கும்னுதான்" என்றார். எண்ணெய் எஞ்சின் வைத்தால் நன்றாகப் பறக்குமாம். ஆனால் அது போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பேரக்குழந்தை அலறும் என்பதால் மாமா அதைத் தொடவில்லை.

கொம்தார் கட்டடத்தில் இருந்த ஒரு கடையிலிருந்து பால்சா மரத்தைத் தகடு தகடாக வாங்கி வருவார். கையில் வைத்தால் அப்பளம் மாதிரி இருக்கும். அதைப் பிளேடால் அறுத்து விலா எலும்புகளாக ஒட்டுவார். எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் தாள் சுருங்கி, தோல் மாதிரி இறுகிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டி வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் ஆபீஸ் சட்டை முதுகில் ஒருநாள் மஞ்சள் பிளாஸ்டிக் அப்பிக்கொண்டது. இன்னொரு நாள் மாமா அப்பாவின் கார் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துத் தன் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறந்துபோனார். காலையில் கார் கிளம்பவில்லை. "உன் ஏரோபிளேன் பறக்கறதுக்கு முன்னாடி என் வேலை பறந்துரும் லா" என்று அப்பா கத்தினார். நானும் அவரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.

அம்மா முதலில் திட்டினாள். அப்புறம், மாமா தாளைச் சுருக்கம் சுருக்கமாகப் போர்த்துவதைப் பார்த்துப் பொறுக்காமல், "தள்ளுடா, இஸ்திரி போடத் தெரியாதவனே" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். கை அத்தனை சுத்தம். அதற்குப் பிறகு சிறகு போர்த்துவது அம்மாவின் வேலையாகிவிட்டது. சமையல் முடிந்ததும் மேசையின் ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் மாமாவுமாக உட்கார்ந்துவிடுவார்கள். அதிகம் பேச மாட்டார்கள். அவர் கையை நீட்டுவார், இவள் ஊசியைக் கொடுப்பாள்.

விமானம் முடிகிற நிலைக்கு வந்ததும் எடை பார்க்கும் சடங்கு ஒன்று இருந்தது. அம்மா இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மேல்சிறகின் அடியில், மாமா பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கொடுத்து விமானத்தைத் தூக்குவாள். மூக்குப் பக்கம் சாய்கிறதா, வால் பக்கம் சாய்கிறதா என்று இருவரும் மூச்சை அடக்கிப் பார்ப்பார்கள். அதற்குத் தக்கபடி மாமா பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துவார். வால் கனத்துவிட்டால் ஆபத்து என்று மாமா எனக்குச் சொல்லியிருந்தார். மூக்கு மேலே மேலே தூக்கிக்கொள்ளும், குச்சியை எவ்வளவு தள்ளினாலும் சொன்ன பேச்சுக் கேட்காது, கடைசியில் விழும். மாமாவின் விரல்கள் தடித்தவை. அதனால் அம்மாவின் விரல்களைத்தான் அவர் நம்பினார்.

அந்த வருஷம்தான் பெர்த் பேச்சு வந்தது. மாமாவின் சிநேகிதன் ஒருவன் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே பெர்த் நகரத்தில் தன் முதலாளியிடம் மாமாவுக்கும் வேலை பேசி வைத்திருந்தான். வரச் சொல்லி அடிக்கடி போன் அடித்தான். அப்பாவுக்குச் சம்மதம். மாமாவுக்கும் ஆசைதான், கண்ணில் தெரிந்தது. எனக்கோ கங்காரு பொம்மை வரும் என்ற கணக்கு. அம்மா மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சாமிகிட்ட பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றாள்.

எங்கள் வீட்டில் பெரிய முடிவெல்லாம் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிற குழந்தை நான். அப்பா பழைய காரை விற்பதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்தேன் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பொட்டலம் கட்டுவது மட்டும் எப்போதும் அம்மா.

மாமா சிரித்துவிட்டார். "வேணாம்க்கா. நீங்க கட்டுற பூவுல எப்பவும் உங்களுக்குப் புடிச்சதுதான் வருது."

"அப்ப எப்படிடா முடிவு பண்றது?"

மேசைமேல் மஞ்சள் சிறகோடு பளபளவென்று அந்த விமானம் நின்றுகொண்டிருந்தது. அதுவரை செய்ததிலேயே அழகானது. விமானி உட்காரும் குழியில் என்னுடைய பழைய பொம்மையின் தலையைப் பொருத்தி, அம்மா அதற்குச் சிவப்பில் ஒரு கழுத்துத் துண்டும் தைத்துப் போட்டிருந்தாள். இன்னும் பறக்கவில்லை. மாமா அதைக் காட்டி, விளையாட்டாகத்தான், "இது முடிவு பண்ணட்டும். ஒரு ரவுண்டு சுத்தி ஒழுங்கா எறங்குனா பெர்த். விழுந்தா பிறை" என்றார்.

சாமி காரியத்தில் கேலியா என்று அம்மா சீறப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. ஆனா சொன்ன சொல்லு மாறக் கூடாது" என்றாள். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பூ எடுக்கும் என் உத்தியோகம் ஒரு விமானத்திடம் போய்விட்டதே என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே எடை பார்த்தார்கள். அம்மாவின் விரல்களின்மேல் விமானம் அசையாமல் நின்றது. "அம்சமா இருக்கு" என்றார் மாமா. பேட்டரி நகராமல் டேப் ஒட்டினார். பிறகு எல்லாரும் அப்பாவின் காரில் கிளம்பினோம். மாமாவின் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கம் காலி மனை ஒன்றும் புதிதாகப் போட்ட தார் ரோடும் இருந்தன. ஞாயிறன்று லாரி வராது.

ஃபெர்ரியில் கார் ஏறி நின்றதும் அப்பாவும் மாமாவும் இறங்கிக் கம்பி ஓரம் காற்று வாங்கப் போனார்கள். பின்சீட்டில் அம்மாவின் மடியிலும் என் மடியிலுமாக விமானம் கிடந்தது. அப்போது அம்மா கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். வேண்டுதல் வைத்துக் காசு முடிந்த துணி. கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக் காசுகள் உள்ளே நெருக்கிக்கொண்டு கனமாக இருந்தன.

வால் அடியில் ஒரு சின்ன மூடி உண்டு. உள்ளே போகும் கம்பிகளைச் சரிசெய்வதற்காக மாமா வைத்தது. அம்மா அதன்மேல் இருந்த டேப்பை நகத்தால் கிழியாமல் உரித்தாள். முடிச்சை உள்ளே விட்டு, கம்பிகளில் படாமல் ஒதுக்கி, ஒரு நூலால் மரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். டேப்பை மறுபடி ஒட்டி, ரவிக்கை ஓரம் மடிப்பதுபோல் அதன் முனையைத் துளி மடித்துவிட்டாள்.

"தண்ணீர்மலை முருகனுக்கு நேந்துக்கிட்டது" என்றாள். "மாமாகிட்ட சொல்லாத. கேலி பண்ணுவான்."

விமானம் நல்லபடியாகப் பறக்க வேண்டுமென்று வேண்டியிருக்கிறாள் என்றே நான் நினைத்தேன். வேறு எதற்கு வேண்டுவார்கள்? பெரியவர்களின் ரகசியம் ஒன்று கையில் கிடைத்த பெருமையில் ஃபெர்ரி அக்கரையில் பட்டர்வொர்த்தைத் தொடும்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறையில் வெயில் ஏறியிருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையின் மலாய்க் காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். புதுக் கார் வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோமே, அதைச் செய்யாமல் விடக் கூடாது என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். எலுமிச்சம்பழம் விமானத்தின் சக்கரத்தைவிடப் பெரிது. அதனால் லிமாவ் கஸ்தூரி, அந்தக் குட்டிப் பழம், கொண்டுவந்திருந்தார். அதன்மேலும் விமானம் ஏற மறுத்தது. "அத்தான், வீல் ஒடைஞ்சிரும்!" என்று மாமா பதற, விமானத்தின் சார்பில் அப்பாவே சப்பாத்துக் காலால் பழத்தை மிதித்து நசுக்கினார். காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

மாமா ரேடியோப் பெட்டியின் ஏரியலை நீட்டினார். குச்சியை அசைத்து வால் அசைகிறதா என்று பார்த்தார். எடையை மட்டும் மறுபடி பார்க்கவில்லை. காலையில்தான் அக்காவின் விரல்மேல் பார்த்தாகிவிட்டதே.

மோட்டார் தையல் மெஷின் மாதிரி இரைந்தது. விமானம் ரோட்டில் ஓடி, சட்டென்று எழும்பியது. நான் கை தட்டினேன். எழும்பியது எழும்பிக்கொண்டே இருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது, காற்றாடி போல அந்தரத்தில் நின்றது, ஒரு பக்கம் சரிந்தது, கீழே பாய்ந்தது, திரும்பவும் மூக்கைத் தூக்கிக்கொண்டது. மாமா குச்சியை ஒரேயடியாக முன்னால் தள்ளியபடி நின்றார். "எறங்கு, எறங்கு" என்று முணுமுணுத்தார். எப்படியோ போராடி அதைப் பாதி வட்டம் வரை திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் தலைக்கு மேலே வெயில் பட்டு அந்த மஞ்சள் சிறகு மின்னியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அது ஒருமுறை சிலிர்த்தாற்போல் நடுங்கி, சுழன்று சுழன்று ரோட்டு ஓரத்தில் விழுந்தது.

"ஆலாமாக்!" என்று தலையில் கை வைத்தார் காவலாளி.

ஓடினோம். கீழ்ச்சிறகு இரண்டாக முறிந்திருந்தது. வால் பிளந்து, மஞ்சள் துணி கிழிந்து, தார் ரோடெங்கும் காசுகள் உருண்டு கிடந்தன. அப்பா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி! ஏரோபிளேனுக்குள்ள உண்டியலா வச்ச?" காவலாளிக்கு மலாயில் விளக்கிச் சொல்லிவிட்டு இருவருமாகச் சிரித்தார்கள்.

"சாமிக்கு நேந்தது... எனக்கு என்ன தெரியும்" என்றாள் அம்மா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் இழை இழையாக இஸ்திரி போட்ட சிறகு அவள் காலடியில் கிடந்தது. எனக்கும் அழுகை வந்தது. லாலாங் புல்லுக்குள் துழாவி என் பொம்மையின் தலையைத் தேடப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது மாமா வாலின் பக்கம் குந்தியிருந்தார். மூடியின் டேப், அதன் மடித்த முனை, மரச் சட்டத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நூல் முடிச்சு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"கம்பியில படாமத்தான் கட்டியிருக்கீங்க" என்றார் மெதுவாக.

மாமா காசுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து அம்மாவின் கையில் வைத்தார். "கோயில்ல போட்டுருங்கக்கா" என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இது கணக்குல சேராது லா. சரி பண்ணிட்டு இன்னொரு தடவ விட்டுப் பாப்போம்" என்றார்.

"இல்லத்தான். விழுந்தா பிறைன்னேன். விழுந்துருச்சு" என்றார் மாமா. அப்பாவுக்குச் சொன்ன பதில். ஆனால் பார்த்தது அம்மாவை.

அன்று சாயங்காலமே பெர்த்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அது விளங்கவே இல்லை. பூவை நம்பாத மனிதர், சாமியே கும்பிடாத மனிதர், ஒரு மரத் துண்டு விழுந்ததைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டாரே என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கங்காரு போனதில் கொஞ்ச நாள் அவர்மேல் கோபமாகக்கூட இருந்தேன். மாமா பெர்த்துக்குப் போகவே இல்லை. பிறகு கல்யாணம் செய்துகொண்டு சுங்கை பாக்காப்பில் வீடு பார்த்துக்கொண்டு போனார். அங்கேயிருந்து மீன் தலைக்காக ஞாயிறுதோறும் வந்தார்.

பக்தி முற்றி விமானத்தைக் கெடுத்த பேதை என்று எல்லாரும் அம்மாவைச் சொன்னார்கள். அவளும் அந்தப் பேதை வேஷத்தைக் கடைசிவரை கழற்றவில்லை. வால் கனத்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் மாமாவுக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். இது என் மண்டையில் உறைக்க எத்தனையோ வருஷங்கள் பிடித்தன. போகாதே என்று வாயால் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது, மனசு வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுவார்த்தை பேசாமல் இங்கேயே நின்றுவிட்டிருப்பார். அதுதான் அவளுக்குப் பயம். பூ கேட்கட்டும், விமானம் கேட்கட்டும், தான் கேட்கக் கூடாது. மாமாவோ அந்த நூல் முடிச்சைப் பார்த்ததுமே, அவள் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் போகாதேயைக் கேட்டுவிட்டார். ஒருமுறை எனக்கு அம்மாவின்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஒரு சாப்பாட்டு வேளைகூட நிற்கவில்லை.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. விமானம் விழுந்து சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம். மாமா சிறகை ஒட்டிச் சரிசெய்துவிட்டார். கிழிந்த இடங்களில் அம்மா புதுத் தாளைத் தேய்த்துப் போர்த்திவிட்டாள். என் பொம்மையின் தலை ஒரு கீறலோடு குழியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எடை பார்க்க வேண்டும். மாமா விமானத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் எதிரில் வந்து நின்றார். அம்மா கையைக் கொடுக்கவில்லை.

"நீயே பாரு தம்பி."

"நீங்க பாருங்கக்கா. உங்க விரலத்தான் நான் நம்புவேன்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு விரல்களையும் சிறகின் அடியில் கொடுத்தாள். மாமா கையை எடுத்தார். "வால் கொஞ்சம் கனமா இருக்கு" என்றாள் அம்மா. "பேட்டரிய முன்னால தள்ளு." மாமா தள்ளினார். "இன்னும் கொஞ்சம்" என்றாள். விரல்கள் நடுங்கின, அவற்றின்மேல் விமானமும் நடுங்கியது.

பாவம், அம்மாவுக்குக் கை வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் ஓடிப்போய் வாலைத் தாங்கிக்கொண்டேன்.